டிசைன் முதல் பருவத்தில் ஏன் கறுப்புச் சதுரம் வெட்டச் சொல்கிறார்கள்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிசைன் டிப்ளோமா சேர்ந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏப்ரலில் வகுப்பு தொடங்கியதிலிருந்து கறுப்புத் தாளைச் சதுரமாக வெட்டி ஒட்டுவதும், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பல் படிகள் தீட்டுவதுமாகவே போகிறதாம். கணினியை இன்னும் தொடவில்லையாம். இதனால் என்ன பயன், வண்ணச் சக்கரத்தை மனப்பாடம் செய்தால் போதாதா, ஓவியம் சுமாராகத்தான் வரும், நான் தேறுவேனா, விலை உயர்ந்த லேப்டாப் இப்போதே வாங்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். சிங்கப்பூரில் அச்சு, சுவரொட்டி வேலைகளில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, ஓவியக் கவலையை முதலில் விட்டுவிடுங்கள். கை நன்றாக வரைந்தால் நல்லதுதான். ஆனால் முதல் பருவத்தில் பழக்குவது கண்ணை. ஒரு தாளில் இரண்டு பொருள்கள் இருந்தால் அவற்றுக்கு நடுவே என்ன உறவு உண்டாகிறது என்பதைப் பார்க்கத் தெரிய வேண்டும். அளவு, இடைவெளி, வெளிச்சம், நிறம் எல்லாவற்றிலும் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். இதைப் பிடித்துக்கொண்டால் மூன்றாண்டுப் படிப்பும் ஒரே நூலில் கோத்ததுபோல இருக்கும்.

சதுரத்துக்கு வருவோம். ஒரு வெள்ளைக் கட்டத்தில் ஒரே ஒரு கறுப்புச் சதுரத்தை நட்டநடுவில் வையுங்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும். அதையே மேல் மூலைக்குத் தள்ளுங்கள், விழப்போவதுபோல ஒரு பதற்றம் வரும். இரண்டு சதுரங்களை நெருக்கி வைத்து மூன்றாவதைத் தள்ளி வைத்தால், அந்த இரண்டும் ஒரு குடும்பம், மற்றது வெளியாள் என்று கண் தானாக முடிவு செய்துவிடும். இப்படி நெருக்கம், ஒற்றுமை போன்றவற்றை வைத்து மனம் பொருள்களைக் குழுவாக்கிப் பார்ப்பதைப் பற்றி 1923-இல் ஜெர்மனியில் பணியாற்றிய மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். கெஷ்டால்ட் விதிகள் என்று உங்கள் வகுப்பில் வரப்போவது இதுதான். 1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளியில், எல்லா மாணவரும் முதலில் ஓர் அடிப்படை வகுப்பைக் கடந்துதான் பட்டறைக்குள் போக முடியும். இன்று உலகத்தில் பல டிசைன் பள்ளிகளின் முதல் பருவம் அந்த வகுப்பின் வழித்தோன்றல்.

இதற்கும் வேலைக்கும் என்ன தொடர்பு? உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகைக்குப் போய் நில்லுங்கள். சமூக மன்றத்தின் ஏதாவது ஒரு நிகழ்ச்சிச் சுவரொட்டி இருக்கும். தேதி ஒரு மூலையில், நேரம் இன்னொரு மூலையில், இடம் எங்கோ கீழே, ஆதரவாளர் சின்னங்கள் வரிசையாக. தேதியும் நேரமும் இடமும் சேர்ந்தே படிக்க வேண்டியவை. அவை பிரிந்து கிடந்தால் எந்த அழகான எழுத்துருவும் காப்பாற்றாது. தலைப்பு ஒரு சதுரம், படம் ஒரு சதுரம், தேதி ஒரு சதுரம். அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்புத் தாளில் பழகும்போது நிறத்துக்குப் பின்னாலும் எழுத்துருவுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. விரலால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். மீதியிருக்கும் வெள்ளை இடமும் ஒரு வடிவம்தான் என்பது அப்போதுதான் உறைக்கும். கணினியில் இது மெதுவாகவே புரியும், ஏனென்றால் அங்கே நிரப்பிக்கொண்டே போகக் கை துடிக்கும்.

சரி, சாம்பல் படிகள். முதல் பருவத்திலேயே மிக முக்கியமானது இதுதான் என்பேன். ஒரு நிறத்துக்கு மூன்று குணங்கள் உண்டு: அது சிவப்பா பச்சையா என்பது ஹியூ, எவ்வளவு வெளிச்சம் எவ்வளவு இருட்டு என்பது வேல்யூ, எவ்வளவு பளிச் எவ்வளவு மங்கல் என்பது செறிவு. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஆசிரியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மூன்றையும் தனித்தனியாக அளக்கும் முறையை உருவாக்கினார். புதிதாகப் படிப்பவர்கள் ஹியூவை மட்டுமே பார்ப்பார்கள். சிவப்பும் பச்சையும் வேறு வேறு, ஆகவே நன்றாகப் பிரிந்து தெரியும் என்று நினைப்பார்கள். ஆனால் எழுத்தைப் படிக்க வைப்பது வேல்யூ வித்தியாசம்தான்.

கொஞ்சம் எண்களோடு சொல்கிறேன். திரையில் வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு அளவில் சேர்ந்தது. அந்த வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. திரையின் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, அதாவது வெள்ளையின் 93 சதவீத வெளிச்சம் அதற்கே இருக்கிறது. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து ஏன் காணாமல் போகிறது என்பதற்குக் காரணம் இதுதான். இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளையில் மஞ்சளுக்கு அது 1.07 தான். முழுச் சிவப்பையும், 255-இல் 128 என்ற அளவில் எடுத்த பச்சையையும் பக்கத்தில் வைத்தால் 1.3 கூட வராது. தீபாவளி வாழ்த்து அட்டைகளில் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து கண்ணைக் கூச வைத்துத் துடிப்பது இதனால்தான். ஹியூ உச்சத்தில் மோதுகிறது, வேல்யூ கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது, எல்லை எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. செய்த வேலையைக் கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தலைப்பு இன்னும் தனித்துத் தெரிந்தால் வேல்யூ சரி. எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால், எத்தனை நிறம் போட்டிருந்தாலும் பயனில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலும் இதே பலன் கிடைக்கும், வகுப்பில் ஆசிரியர்கள் அடிக்கடி அப்படிப் பார்ப்பதை கவனித்திருப்பீர்கள்.

வண்ணச் சக்கரத்தை மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டாம். 1704-இல் நியூட்டன் நிறமாலையின் இரண்டு முனைகளையும் வளைத்து வட்டமாக்கிக் காட்டினார். அன்றிலிருந்து ஆளுக்கொரு சக்கரம் இருக்கிறது. வண்ணம் தீட்டுபவர்களின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை, திரைக்கான சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே சயான் என்ற பச்சைநீலம். இரண்டு வகுப்பில் இரண்டு விதமாகக் கேட்டுக் குழம்ப வேண்டாம். ஒன்று வண்ணப்பொருள் கலப்பதைப் பற்றியது, இன்னொன்று ஒளி கலப்பதைப் பற்றியது. சக்கரத்தைப் பார்ப்பதைவிடக் கலந்து பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது. கடையில் வாங்கிய ஆரஞ்சு சாயல் சிவப்பையும் ஒரு நீலத்தையும் கலந்தால் நல்ல ஊதா வராமல் சேறுபோல ஒன்று வரும். அந்தச் சிவப்பு நீல ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது, பிறகு ஊதாவுக்கு வேண்டியது எங்கிருந்து வரும்? மெஜந்தா என்ற நீலச்சாயல் சிவப்பை எடுத்துக் கலந்து பாருங்கள், வரும். மஞ்சளில் கொஞ்சம் கறுப்புச் சேர்த்தால் இருண்ட மஞ்சள் கிடைக்கும் என்று நினைப்பீர்கள், ஆலிவ் பச்சை கிடைக்கும். நிழலுக்குக் கறுப்பை எடுக்காமல் எதிர் நிறத்தைத் துளி சேர்த்துப் பழகுங்கள். ஒரு வார இறுதி இப்படி உட்கார்ந்தால் சக்கரம் தானாக மனத்தில் பதியும்.

இதுவரை சொன்னதைவிட ஆழமான விஷயம் ஒன்று இருக்கிறது. 1824-இல் பாரிஸின் கோப்லான் நெசவு நிலையத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஷெவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் வலுவில்லாமல் தெரிகிறது என்று ஒரு புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பை மங்கலாக்கிக் காட்டின. பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதத்தை விரிவாக ஆராய்ந்து 1839-இல் வெளியிட்டார். பின்னாளில் பௌஹவுஸிலும் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த ஜோசப் ஆல்பர்ஸ் இதையே வகுப்புப் பயிற்சியாக்கினார். மாணவர்களிடம் வண்ணத் தாள்களைக் கொடுத்து, ஒரே தாளின் இரண்டு துண்டுகளை இரண்டு பின்னணியில் வைத்து வேறு வேறு நிறமாகத் தெரிய வையுங்கள் என்பார். பிறகு, வேறு வேறு நிறமுள்ள இரண்டு துண்டுகளை ஒன்றுபோலத் தெரிய வையுங்கள் என்பார். இரண்டாவது மிகக் கடினம். உங்கள் வகுப்பிலும் இது வரும். வராவிட்டால் நீங்களே செய்து பாருங்கள். வண்ணத்தைக் கலந்து திணறாமல் கண்ணை மட்டும் நம்பி வேலை செய்யத் தாள்தான் வசதி.

இதைத் தமிழர்கள் நாம் வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறோம். சிராங்கூன் சாலைப் புடவைக் கடை ஏதாவது ஒன்றில் போய், மயில்கழுத்துப் பட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், நீலமும் பச்சையுமாக. தள்ளி நின்றால் இரண்டும் கலந்து ஒரு நிறம், மடிப்பு திரும்பினால் இன்னொரு நிறம். சாயத்தைக் கலக்காமல் நூலை அருகருகே வைத்தே கண்ணுக்குள் கலக்கும் வித்தை அது. அப்புறம் கரையைப் பாருங்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை போட்ட புடவை, நான் மேலே சொன்ன வாழ்த்து அட்டைபோல ஏன் கண்ணைக் குத்துவதில்லை? பெரும்பாலும் அரக்கு நல்ல இருட்டாக இருக்கும், அதனால் வேல்யூ பிரிந்துவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு ஜரிகைக் கோடு ஓடி, மோதலைத் தடுத்துவிடுகிறது. உடல் பெரிது, கரை சிறிது, ஆகவே இரண்டும் சம பலத்தில் சண்டை போடுவதில்லை. உங்கள் பாடத்தில் வரும் நிற முரண், அளவு விகிதம், பிரிக்கும் கோடு மூன்றும் ஒரே புடவையில் இருக்கின்றன. அம்மாவோ பாட்டியோ "இந்தக் கரை இதுக்கு எடுக்காது" என்று சொல்லும்போது ஏன் என்று கேளுங்கள். கடைக்காரரிடமும் கேளுங்கள். வாங்குகிற கண்ணோடு பார்ப்பவர்கள் சொல்வதில் நிறைய விஷயம் இருக்கும்.

சிவப்பு என்றால் ஆபத்து, நீலம் என்றால் நம்பிக்கை, பச்சை என்றால் இயற்கை என்று இணையத்தில் பட்டியல்கள் சுற்றுகின்றன. அவற்றை நான் நம்புவதில்லை. இந்த ஊரில் சீனப் புத்தாண்டுக்கு அன்பளிப்பு உறை சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, நம் கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுகிறோம். ஒரு நிறத்தின் பொருளை இடமும் வேளையும்தான் தீர்மானிக்கின்றன. ஆசிரியர் காரணம் கேட்டால் பட்டியலைக் காட்டாமல், யார் பார்க்கப்போகிறார்கள், எங்கே தொங்கப்போகிறது என்பதிலிருந்து பேசுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பி ஒரு செய்தியைச் சொல்லக் கூடாது என்பதற்கு நம் ஊர் எம்ஆர்டி ரயில் வரைபடம் நல்ல பாடம். வடக்கு தெற்குத் தடம் சிவப்பு, கிழக்கு மேற்குத் தடம் பச்சை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள், முக்கியமாக ஆண்கள், கணிசமாக இருக்கிறார்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் பன்னிரண்டில் ஒருவர் என்பார்கள். ஆசியர்களில் இது குறைவு, ஆனாலும் உண்டு. ஆனால் அந்த வரைபடத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் ஆங்கில எழுத்துக் குறியீடும் ஒவ்வொரு நிலையத்துக்கும் எண்ணும் இருக்கின்றன. நிறம் கைவிட்டாலும் எழுத்து கைகொடுக்கும். உங்கள் வேலையிலும் இப்படி இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, வகுப்பில் யாரும் சொல்லித்தர வாய்ப்பில்லாத ஒன்று, ஆனால் இந்த ஊரில் தமிழ் தெரிந்த டிசைனர் என்ற முறையில் உங்களிடம் வந்து சேரும் வேலை: நான்கு மொழிச் சுவரொட்டி. பாடத்தில் வரும் எழுத்து வடிவமைப்பு விதிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டவை. தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தில் போடு என்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை, ஆகவே கனத்தையும் அளவையும் வைத்துத்தான் தலைப்பை நிறுத்த முடியும். தமிழில் மேலே இகர ஈகாரக் குறிகளின் விசிறி, சுழி, மெய்யெழுத்தின் புள்ளி. கீழே உகர ஊகார வால்கள். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டு அலங்காரம் செய்வதும் ஆகாது. ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் மெய்யை விட்டு விலகிப்போனால் படிக்கிறவருக்கு எரிச்சல்தான். தமிழ் வாக்கியம் அகலமும் அதிகம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிவது தமிழில் ஒன்றரை வரி போகும். கடைசியில் மீதமிருக்கும் சந்தில் தமிழைச் சுருக்கிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். என் யோசனை: இட ஒதுக்கீட்டைத் தமிழிலிருந்து தொடங்குங்கள். அதிக இடம் கேட்கும் மொழிக்கு முதலில் இடம் ஒதுக்கினால் மற்றவை தாராளமாக உட்காரும்.

மென்பொருளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டிலும் பத்தி அமைப்பில் இந்திய மொழிகளுக்கான கம்போசரை (இன்டிசைனில் அதன் பெயர் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’) தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், எழுத்துகள் சிதறும். பொது இடங்களில் தமிழ் உடைந்து அச்சாகிவிட்டது என்று நம் சமூகம் வருத்தப்பட்ட நேரங்கள் உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசிக் கோப்பைப் பார்த்திருந்தால் போதும், தவிர்த்திருக்கலாம். நீங்கள் அந்த ஒருவராக இருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், பல கனங்களில் கிடைக்கிறது. தொடங்க அது போதும். ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடக்கும், ஊரெங்கும் தமிழ்ச் சுவரொட்டிகள் வரும். பிடித்ததையும் பிடிக்காததையும் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன, இரண்டை மட்டும் சொல்கிறேன். லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டிய டான் டெங் நியா வீடு. அத்தனை பளிச் நிறங்கள் ஒரே சுவரில் எப்படி ஒத்துப்போகின்றன என்று காலை வெயிலிலும் உச்சி வெயிலிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், நம் ஊர் நண்பகல் வெயில் வெளிர் நிறங்களை அப்படியே தின்றுவிடும். இன்னொன்று தேசியக் கலைக்கூடம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம். சிங்கப்பூர் ஓவியர் ஜார்ஜெட் சென் வரைந்த பழ ஓவியங்களின் முன்னால் நின்று, நிழல்களுக்குள் எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

வகுப்பில் எல்லோருடைய வேலையையும் சுவரில் ஒட்டிப் பேசும் ‘கிரிட்’ வரும். அப்போது உங்கள் வேலையைத் தற்காத்துப் பேசாமல், முதல் பார்வையில் கண் எங்கே போனது என்று மட்டும் மற்றவர்களிடம் கேளுங்கள். நீங்கள் நினைத்த இடத்துக்குப் போயிருந்தால் வேலை சரி. போகவில்லை என்றால் எதை நகர்த்துவது என்று உடனே தெரிந்துவிடும். மற்றவர் வேலையைப் பற்றிப் பேசும்போதும் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று நிறுத்தாமல் எது பெரிதாகத் தெரிகிறது, எது தொலைந்துபோகிறது என்று சொல்லிப் பழகுங்கள்.

கடைசியாக லேப்டாப். இப்போது வாங்க வேண்டாம். எந்த மென்பொருளைக் கல்லூரி தருகிறது, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு வேகமான கணினி வேண்டும் என்பதைத் துறையிலும் மூத்த மாணவர்களிடமும் கேட்ட பிறகு வாங்குங்கள். முதல் பருவத்துக்குக் கூரான கத்தி, வெட்டும் பாய், இரும்பு அளவுகோல், கறுப்புத் தாள், வண்ணத் தாள் கட்டு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மெஜந்தா, சயான் நிறங்களில் குவாஷ் என்ற நீரில் கரைத்துத் தீட்டும் வண்ணம், இவ்வளவுதான் தேவை. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் எல்லாம் கிடைக்கும், பக்கத்திலேயே தேசிய நூலகம், அங்கே இந்தத் துறைக்கான புத்தகங்களையும் பார்த்துவிட்டு வரலாம். பின்னால் லேப்டாப் வாங்கும்போது வேகத்தோடு திரையின் தரத்தையும் பாருங்கள். திரையில் பளபளக்கும் நீலமும் பச்சையும் அச்சு மையில் அப்படியே வராது, ஆகவே சுவரொட்டி வேலையென்றால் தொடக்கத்திலேயே அச்சுக்கான நிற அமைப்பில் கோப்பைத் திறந்து, ஒரு மாதிரி அச்செடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் அமைப்பு ஒன்று எல்லாக் கணினியிலும் இருக்கும். நிறம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அதை அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் வெள்ளையே மஞ்சளாகிவிடும், அதை ஈடுகட்ட உங்கள் கை தானாக நீலத்தின் பக்கம் போகும், மறுநாள் காலையில் முழு வேலையும் குளிர்ந்து வெளிறிப்போய்த் தெரியும்.